வேருக்கு மூச்சு முட்டுகிறது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலை பெரம்பூர் பக்கம் தெருத்தெருவாக மரங்கள் படுத்துக் கிடந்தன. எல்லோரும் கிளையைப் பார்த்தார்கள், நசுங்கின காரைப் பார்த்தார்கள், அறுந்து தொங்கின கம்பியைப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ அடிப்பாகத்தில்தான் கண் போனது. நான் பார்த்த மரம் எதற்கும் ஆணிவேர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்த மாதிரி தட்டையாக நின்றது வேர்ப்பகுதி. கனம் ஒன்றரை அடி, மிஞ்சிப்போனால் இரண்டு அடி. "இவ்ளோ பெரிய மரத்துக்கு இவ்ளோதான் வேரா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பல மரங்களில் ஒரு பக்க வேர் நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டு முடிந்திருந்தது. அந்தப் பக்கமாக எப்போதோ ஒரு வடிகாலோ கேபிள் பள்ளமோ போயிருக்கிறது.

நம் எல்லோர் மனதிலும் ஒரு படம் பதிந்திருக்கிறது. மேலே மரம் எவ்வளவு உயரமோ, கீழே வேரும் அவ்வளவு ஆழம். அந்தப் படத்தை நம்புவதால்தான் மரத்தடியில் எது செய்தாலும் உறுத்துவதில்லை. வேர் எங்கேயோ பாதாளத்தில் பத்திரமாக இருக்கிறது, மேலே நாலு பேவர் பிளாக் போட்டால் அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது என்ற தைரியம்.

விதை முளைக்கும்போது ஆணிவேர் இருக்கும்தான். ஆனால் மரம் வளர வளரப் பக்கவேர்கள் அதை முந்திவிடும். வளர்ந்த மரத்தின் வேர்களில் மிகப் பெரும் பங்கு மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற சல்லி வேர்கள் அதிலும் மேலே, முதல் 30 சென்டிமீட்டரில். ஆழத்தில் விட்டதை அவை அகலத்தில் பிடிக்கும். உச்சி வெயிலில் விழும் நிழலின் எல்லையையும் தாண்டி எங்கெங்கோ ஓடும்.

ஏன் மேலேயே கிடக்கின்றன என்றால், காற்று அங்கேதான் கிடைக்கிறது. மரம் நமக்கு ஆக்சிஜன் தருகிறது என்று சுவரெல்லாம் எழுதி வைக்கிறோம். அதன் வேருக்கு ராத்திரி பகல் பாராமல் ஆக்சிஜன் வேண்டும் என்பதை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

நல்ல மண்ணை ஒரு டப்பா நிறைய எடுத்தால் அதில் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் இருந்தால் வேருக்கு அதைவிடச் சுகம் கிடையாது. மண்ணை மிதித்தாலோ சக்கரம் ஏற்றினாலோ முதலில் நசுங்குவது பெரிய இடைவெளிகள். காற்று போய்வரும் பாதையும் மழைத்தண்ணீர் இறங்கும் பாதையும் அவைதான். சின்ன இடைவெளிகள் தப்பித்துக்கொள்ளும், ஆனால் அவற்றில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் இறுகிப்போன மண்ணில் நிற்கும் மரத்துக்கு ஐப்பசி மழையிலும் திண்டாட்டம், சித்திரை வெயிலிலும் திண்டாட்டம். மழையில் மூச்சு முட்டும். வெயிலில், மேலே ஊற்றின தண்ணீர் கீழே இறங்காமல் தெருவோடு ஓடிவிடும்.

வடசென்னையில் மண்ணுக்கு இரண்டு குணம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பக்கமெல்லாம் மணல். மேற்கே பெரம்பூர் பக்கம் வந்தால் களிமண். களிமண் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம் எடையைத் தாண்டி இறுகினாலே வேர் திணற ஆரம்பித்துவிடும். மணலில் அந்த அளவு 1.7 பக்கம் வரை போகும். மணல் கொஞ்சம் மன்னிக்கும். களிமண் மன்னிக்கவே மன்னிக்காது, அதுவும் ஈரத்தில் மிதித்துவிட்டால். மணல் பக்கத்துக்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் தெருவில் இப்போது மேலே இருப்பது மணல் இல்லை, வீடு இடித்துக் கொட்டின ரப்பீஸ்.

அப்புறம் லாரி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி போகும் வழியிலும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மத்தியான வெயிலில் எங்கே ஒரு மரம் இருக்கிறதோ, அதன் அடியில் லாரியை ஏற்றி நிறுத்திவிட்டு டிரைவர் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மனசு வராது, ராத்திரியெல்லாம் வரிசையில் விழித்திருந்தவர். ஆனால் லோடோடு நிற்கும் அந்த வண்டி 40 டன்னைத் தொடும். மனிதர்கள் மிதித்தால் மேலே ஒரு சாண் மண்தான் இறுகும். பையன்கள் பந்து விளையாடும் மைதானத்து மரத்தை அதனால் எளிதாக மீட்டுவிடலாம். லாரி அச்சின் பாரம் அதற்கும் கீழே, முழங்கால் ஆழத்துக்குப் போய் அமுக்கிவிடும். அந்த ஆழத்தில் இறுகினதைச் சரிசெய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சேதத்தில் பெரும்பங்கு முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே நடந்துவிடுகிறது. "ஒரு வாரம்தானே, ஜல்லி கொட்டிக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வாரத்தையே விடக்கூடாது.

இனி எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு மரத்துக்கு வருகிறேன். தூங்குமூஞ்சி மரம், பூர்வீகம் தென்னமெரிக்கப் பக்கம். சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும். மழை மூட்டம் போட்டாலும் அப்படித்தான். நெஞ்சு உயரத்தில் அதன் சுற்றளவு இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒரு மரத்தின் வேருக்கு எவ்வளவு இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு மர வைத்தியர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்கு வட்டம் போட வேண்டும். விட்டத்தை அளப்பது சிரமம் என்பதால் நான் சுற்றளவை நாலால் பெருக்கிக்கொள்கிறேன், கிட்டத்தட்ட அதே விடைதான் வரும். எங்கள் மரத்துக்கு அது எட்டு மீட்டர். நாலு பக்கமும் எட்டு மீட்டர் என்றால் ரோடு, டீக்கடை, எதிர்வீட்டு வாசற்படி எல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்த மரத்துக்கு விட்டிருந்த திறந்த மண்ணோ அடியைச் சுற்றி ஒரு முழம். அதிலும் ஒரு பக்கம் இஸ்திரிக் கடைச் சாம்பல், மறுபக்கம் டீக்கடை கழுவின தண்ணீர்.

2013-இல் டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. நல்ல உத்தரவு, எல்லா ஊருக்கும் வேண்டிய உத்தரவு. ஆனால் ஒரு மீட்டர் என்பது தண்டு பருப்பதற்கான இடம். மரம் சாப்பிடும் இடம் அதற்கு வெளியே இருக்கிறது.

எங்கள் ஸ்டாண்டு மரத்துக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உச்சியில் கிளை நுனிகள் காய்ந்து குச்சி குச்சியாக நின்றன. இலை சிறுத்துவிட்டது. நிழலில் ஓட்டை விழுந்து ஆட்டோ சீட் சுடுகிறது என்ற புகார் வந்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூச்சி என்றார் ஒருவர். யாரோ ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம்கூடக் கட்டியாயிற்று. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் தெருவை உயர்த்தி பேவர் பிளாக் போட்டது ஒருவர் ஞாபகத்திலும் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. இன்றைக்கு வேரை நசுக்கினால் மரம் நாளைக்கே வாடாது. சேமித்து வைத்ததைத் தின்றுகொண்டு சில வருஷம் ஓட்டும். கணக்குத் தீர்க்கும்போது நாம் காரணத்தை மறந்திருப்போம்.

மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, கட்டட வேலைக்கு வாங்கும் 8 எம்.எம். கம்பி ஒன்றை எடுத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். யாரும் நடக்காத பூங்கா மூலையில் முழங்கால் ஆழம் இறங்கும். எங்கள் மரத்தடியில் நாலு விரற்கடைக்கு மேல் போக மறுத்தது. பி.வி.சி. பைப் துண்டு ஒன்றைக் கொஞ்சம் தட்டி இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றி வைத்தும் பார்க்கலாம். டீ குடித்துவிட்டு வந்தாலும் தண்ணீர் அப்படியே நின்றால் விஷயம் தெரிந்துவிடும்.

இறுகின மண்ணை இளக்கும் வேலையைத் தை பிறந்தபின் தொடங்கினோம். இதில் மாதம் முக்கியம். மழைக்காலத்தில் ஈரக் களிமண்ணைத் தோண்டினால் தோண்டுகிறவன் மிதிப்பதிலேயே இன்னும் இறுகும். பங்குனிக்கு மேல் கடப்பாரைதான் வளையும். ஒரு பிடி மண்ணை உருட்டித் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதம். அதற்கு முன்னால் மின்வாரிய லைன்மேனைக் கூப்பிட்டு இ.பி. கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டச் சொன்னோம். சென்னையில் நடைபாதையைத் தோண்டுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. வேரைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்க முடியாது.

பேவர் பிளாக்கைப் பெயர்த்ததும் கீழே குவாரி டஸ்ட், அதற்குக் கீழே செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, குட்கா பாக்கெட். ஒரு சாண் தாண்டி மண் என்று ஒன்று வந்தது. கருப்பும் சாம்பலுமாக, அழுகின முட்டை நாற்றத்தோடு. காற்றே போகாத மண்ணில் வரும் நாற்றம் அது. அதில் கிடந்த சல்லி வேரை இரண்டு விரலால் உருவினேன். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மண்ணில் நின்றது. செத்துப் போன வேர்.

உயிருள்ள வேரைப் பார்த்தது வேறு இடத்தில். பேவர் பிளாக்குக்கு நேர் கீழே, டஸ்டின் மேல் பரப்பில், கல்லும் கல்லும் சேரும் இடுக்கைப் பிடித்துக்கொண்டே அவை ஓடின. நுனி வெள்ளையாக, தொட்டால் ஒடிகிற மாதிரி. ஒரு வேர் ஒரு இடுக்கின் வழியாகவே போய் அடுத்த கல்லின் மூலையில் திரும்பி அதன் இடுக்கில் சேர்ந்திருந்தது. மழைத்தண்ணீரும் காற்றும் அந்த இடுக்கில்தான் இறங்குகின்றன. அந்த வேர்தான் பிறகு பருத்துக் கல்லைத் தூக்குகிறது. நாம் தடுக்கி விழுந்துவிட்டு மரத்தைத் திட்டுகிறோம். காற்று இருக்கிற ஒரே இடத்தில் அது போய்ப் படுத்திருக்கிறது, வேறு போக்கிடம் நாம் வைக்கவில்லை.

ஸ்டாண்டில் இருந்த பையன் ஒருவன் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தான். "யக்கா, இன்னா தோண்டுற? பொதையலா?"

"மரத்துக்கு மூச்சு முட்டுதுப்பா, அதான்."

"மரத்துக்கு மூக்கு எங்கக்கா இருக்குது?"

"நீ வண்டி நிறுத்தியிருக்கியே, அதுக்குக் கீழதான்."

சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி நிறுத்தினான். அதன்பின் அவன்தான் மற்ற வண்டிகளையும் தள்ளச் சொன்னது.

நாங்கள் செய்தது ஆரக்கால் பள்ளம். அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளித் தொடங்கி, வெளிப்பக்கமாக நீளும் ஒடுக்கமான பள்ளங்கள். ஒரு சாண் அகலம், ஒரு அடிக்கும் குறைவான ஆழம். பெரிய வேர்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மட்டும். வட்டமாகத் தோண்டினால் குறுக்கே போகிற வேரெல்லாம் வெட்டுப்படும், ஆரக்காலாகத் தோண்டினால் வேரோடு கூடவே போகலாம். கடப்பாரை பேவர் பிளாக்கைப் பெயர்க்க மட்டும்தான். மண்ணுக்குள் கொத்தனார் கரண்டியும் கையும். கட்டை விரலை விடப் பருத்த வேர் எதுவும் வெட்டக்கூடாது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். அடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பருத்த வேர்கள்தான் மரத்தை நிறுத்தி வைக்கின்றன, அங்கே கைவைக்கவே கூடாது.

வெளிநாட்டில் இதற்குக் காற்று மண்வெட்டி வைத்திருக்கிறார்கள். கம்ப்ரஸரிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் காற்று மண்ணைப் பொடித்துத் தள்ளிவிடும், வேர் அறுபடாமல் அப்படியே நிற்கும். நம் ஊரில் ரோடு உடைக்கத் தெருவுக்குத் தெரு கம்ப்ரஸர் வண்டி வருகிறது, அந்த முனையை மாற்றி மாட்ட ஆள் இல்லை. பள்ளம் தோண்ட இடமே இல்லாத நெருக்கடியில் இன்னொரு வழி உண்டு. இரண்டு அங்குல விட்டத்தில், ஒன்றரை அடி ஆழத்துக்கு, இரண்டடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மக்கு உரத்தால் நிரப்புவது. பள்ளம் அளவுக்குப் பலன் இல்லை, ஒன்றும் செய்யாததற்குப் பரவாயில்லை.

பள்ளத்திலிருந்து ரப்பீஸைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, எடுத்த மண்ணோடு மக்கு உரம் கலந்து திரும்பப் போட்டோம். மணல் கலக்கலாமே என்று ஒரு மேஸ்திரி யோசனை சொன்னார். களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் இளகாது, செங்கல் சூளைக்குப் போன மாதிரி கெட்டியாகும். யூரியா போடச் சொன்னவரும் உண்டு. சாப்பிட முடியாமல் கிடப்பவனுக்கு இலை போட்டு என்ன பயன்? வேர் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபிறகுதான் உரப் பேச்சு. கிளையைக் கழித்துவிட்டால் வேருக்குப் பாரம் குறையும் என்று பழைய தோட்டக்காரர்கள் சொல்வார்கள். காய்ந்ததைக் கழிக்கலாம். பச்சையைக் கழித்தால் புது வேர் விடத் தேவையான சாப்பாட்டைத் தயாரிக்கும் இலைதான் போகும்.

மேலே மூடாக்கு. உண்மையில் தோண்டுவதைவிட இதற்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். மூன்று நாலு அங்குலத்துக்குச் சருகு போட்டு வைத்தால் மண் சூடாகாது, மழைத்துளி நேராக அடிக்காது, மிதிபட்டாலும் பாரம் பரவிவிடும். கீழே மண்புழு வந்து நாம் தோண்டாத இடத்தையும் தோண்டும். அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்கக்கூடாது, ஒரு சாண் விலக வேண்டும். பட்டையில் ஈரம் தங்கினால் அழுகல் வரும். அரசமரத்தைச் சுற்றி மண்ணை நிரப்பித் திண்டு கட்டி டைல்ஸ் ஒட்டிப் பிள்ளையார் வைக்கிறார்களே, அந்த மேடை மரத்துக்கு வைக்கிற உலைதான். மேலே ஏற்றின மண்ணும் காற்றைத் தடுக்கும். பிள்ளையாருக்கு எந்தக் காலத்திலும் பெரிய மேடை தேவைப்பட்டதில்லை.

சருகுக்கு எங்கே போவது? மரமே கொட்டுகிறது. அதைத் தினமும் விடியற்காலையில் கூட்டி வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, அதே மரத்துக்கு உரம் வாங்க வசூல் செய்கிறோம். கூட்ட வரும் அக்காவிடம் இலையை மட்டும் மரத்தடியில் தள்ளச் சொன்னேன். "நான் தள்ளிட்டுப் போய்டுவேன்மா. எங்க மேஸ்திரி வந்து ஏன் குப்பை கெடக்குதுன்னு என்னத்தான் கேப்பாரு" என்றார். அதுவும் நியாயம்தான். மரத்தைச் சுற்றி மூங்கில் பிளாச்சால் முட்டி உயர வேலி கட்டியதும் அது குப்பை இல்லை, வேண்டுமென்றே போட்டது என்று ஆகிவிட்டது. போதாததற்குக் கரும்பு ஜூஸ் கடையில் சக்கை கேட்டோம், மீன்பாடி வண்டியில் ஏற்றி இனாமாகவே அனுப்பினார். நேராகப் போட்டால் ஈயும் எறும்பும் மொய்க்கும், சிலநாள் பரப்பிக் காயவைக்க வேண்டும். மேலே பரப்புவதோடு சரி, மண்ணுக்குள் புதைத்தால் அது மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

கடைசியாகக் கல் நட்டோம். செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். இடுப்பளவு கருங்கல் தூண்களைப் பழைய வீடு இடித்த இடத்திலிருந்து வாங்கி, சக்கரம் ஏறும் பக்கத்தில் நிறுத்தினோம். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் ஒரே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் வரைக்கும்தான்.

இதெல்லாம் பார்த்த ஒரு பிரமுகர், அடுத்த விழாவுக்கு இங்கேயே நூறு கன்று நடலாம் என்று வாக்குக் கொடுத்தார். திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழடியில்தான். பிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டினார், கண் பார்வை போயிற்று என்பது கதை. ஆக மரத்தடி வாக்குறுதியும் அதை மீறுவதும் வடசென்னைக்குப் புதிதில்லை. நூறு கன்று வேண்டாம், இருக்கிற மரத்தைச் சுற்றிப் பத்து பேவர் பிளாக்கை எடுத்துத் தாருங்கள் என்றோம். அதில் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஐப்பசியில் பள்ளம் போட்ட பக்கம் தண்ணீர் நிற்கவில்லை. பள்ளத்து மண்ணில் மண்புழு எச்சம் குருணை குருணையாகக் கிடந்தது. மூடாக்கை விலக்கினால் புதுச் சல்லி வேர் சருகுக்குள்ளேயே ஏறியிருந்தது. காய்ந்த உச்சிக் கிளைகள் திரும்பத் தழைக்கவில்லை, தழைக்கவும் செய்யாது. அவற்றுக்குக் கீழே புதுக் கொழுந்து விட்டிருக்கிறது, இலையும் பழைய அளவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கிழக்குப் பக்கம்தான் இன்னும் கவலை. அங்கே வடிகாலுக்காக அடிமரத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் வெட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்துத் தாங்கு வேர்கள் போனது போனதுதான், எந்த உரத்தாலும் திரும்பாது. மரத்தின் பாரமோ ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிளைகளின் நுனியை மட்டும், மொட்டையடிக்காமல், அளவாகக் குறைத்துக் காற்றின் பிடியைத் தளர்த்த வேண்டும். அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வருகிற ஐப்பசிக்குள் அனுமதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் ஆட்டோக்களைப் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக நிறுத்துவது என்று ஸ்டாண்டில் பேசி முடித்தாயிற்று.